சிறை நமக்கு, கடை யாருக்கு?



கஞ்சாவைப் பற்றித் தலையங்கமா என்று நம் குழுவிலேயே ஒரு தோழர் முகம் சுளித்தார். "நம்ம தெருப் பசங்க ஏற்கெனவே கெட்டுக் குட்டிச்சுவராக் கெடக்குறாங்க, நீங்க வேற" என்றார். அவர் கோபம் நியாயமானது. செடிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அந்தச் செடியைக் காட்டி யாரைச் சிறைக்கு அனுப்புகிறார்கள், யாரைக் கல்லாவில் உட்கார வைக்கிறார்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நமக்கு அந்நிய ஊர் கிடையாது. 1966இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி அங்கேதான் பிறந்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் எழுந்தபோது பெயரை அவர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். பம்பாய் வழியாகச் சிறுத்தை நம் சேரிக்கும் வந்தது. அந்த ஊரில் நடந்ததை நாம் படிக்காமல் வேறு யார் படிப்பது?

1996 நவம்பர் 5. அன்று கலிபோர்னிய வாக்காளர்கள் முன்னால் இருந்த முன்மொழிவுகளில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று 215: மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வைத்திருக்கலாம். எய்ட்ஸில் உருகிக்கொண்டிருந்தவர்களும், புற்றுநோய் மருந்து ஏற்றி வாந்தியில் துவண்டவர்களும் போராடிப் பெற்றது இது. இன்னொன்று 209: அரசு வேலை, அரசுக் கல்வி, அரசு ஒப்பந்தம் எதிலும் இனத்தின் பேரில் முன்னுரிமை கூடாது. நம்ம பாஷையில் சொன்னால், அங்கே இருந்த இடஒதுக்கீடு மாதிரியான ஏற்பாட்டுக்குச் சாவுமணி. இரண்டுமே ஏறக்குறைய 55 விழுக்காடு வாக்கில் வென்றன. ஒரே நாளில் ஒரு கதவைத் திறந்தார்கள், இன்னொரு கதவை அடைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக ஒரே சண்டை. கடைகளைத் தடை செய்வதா, ஒழுங்குபடுத்துவதா? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடையா, திருட்டு வராதா என்று ஒரு பக்கம். நோயாளி எங்கே போவான் என்று இன்னொரு பக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சி 2012இல் தடை போட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டில் திரும்பப் பெற்றது. நகராட்சி விரும்பினால் தடை செய்யலாம் என்று 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓக்லாந்தோ 2004இலேயே நான்கு கடைகளுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டது. 2009இல் வரியும் போட்டது. முற்போக்கான ஊர் என்று பெயரெடுத்தது.

அந்த முற்போக்கு ஊரின் கணக்கைப் பாருங்கள். 2015இல் அங்கே கஞ்சா வழக்கில் கைதானவர்களில் 77 விழுக்காட்டினர் கறுப்பர்கள். வெள்ளையர் 4 விழுக்காடு. ஊர் மக்கள்தொகையில் இரு சாராரும் ஏறத்தாழச் சமம். நாடு முழுக்கவும் இரு இனத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் புகைக்கிறார்கள். கைதாவது மட்டும் கறுப்பர்கள் நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக அதிகம் என்று 2013இல் குடிமை உரிமைகளுக்கான ஓர் அமைப்பின் ஆய்வு காட்டியது. ஒழுங்குமுறை கடைக்குள்ளே இருந்தது. தெருவில் பழைய போலீஸ்தான்.

2017இல் ஓக்லாந்து ஒரு காரியம் செய்தது. புதிய உரிமங்களில் பாதியைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கியது. 209 இருப்பதால் இனத்தின் பேரைச் சொல்ல வழியில்லை. ஆகவே குறைந்த வருமானம் என்றார்கள். அத்துடன், 1996 நவம்பர் 5க்குப் பிறகு ஓக்லாந்தில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டும், அல்லது கெடுபிடி அதிகமிருந்த குறிப்பிட்ட போலீஸ் ரோந்து எல்லைகளுக்குள் 20 ஆண்டுகளில் 10 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்றார்கள். சாதியை எழுதவிடாத காகிதத்தில் சேரியின் எல்லையை எழுதியது போலத்தான் இது. போலீஸ் எந்தத் தெருவை வேட்டையாடியதோ அந்தத் தெருவே தகுதிச் சான்றிதழ் ஆனது. நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய தந்திரம்.

ஆனால் உரிமம் மட்டும் கடை ஆகிவிடுமா? நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். இந்த இடம் எனக்கு உறைக்கிறது. 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் கஞ்சா குற்றப்பட்டியலில் இருந்ததால், பெரும்பாலான வங்கிகள் இந்தக் கடைகளுக்குக் கணக்குத் திறக்கவே அஞ்சின. அப்புறம் கடன் எங்கே கிடைக்கும்? அப்பன் சொத்து உள்ளவனுக்குத் தொழில். சிறை அனுபவம் மட்டும் உள்ளவனுக்குக் காகிதம். ஒதுக்கீட்டு விண்ணப்பதாரருக்கு மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இடம் கொடுக்கும் முதலாளிக்கு நகராட்சி முன்னுரிமை தந்தது. லைசென்ஸ் கறுப்பர் பேரில், முதலும் லாபமும் வேறொருவருக்கு என்ற புகார்கள் கிளம்பின.

நம்ம ஊரில் இதற்குப் பினாமி என்று பெயர். மானியக் கடன் மனுவில் நம் ஆளின் சாதிச் சான்றிதழ் இருக்கும். அவரைக் கையெழுத்துப் போடக் கூட்டிவருகிறவர் வேறு ஆள். பேசுவதெல்லாம் அவர்தான். நம் ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காகிதம் எல்லாம் சரியாக இருக்கும். அதில் முத்திரை குத்திய கைகளில் என் கையும் ஒன்று.

இங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டம் செடியையே இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது. பூவும் காயும் உள்ள நுனி கஞ்சா, குற்றம். தனி இலை கஞ்சாவில் சேராது. ஆகவே வாரணாசியில் அரசு லைசென்ஸோடு பாங் கடை. சிவன் பேரைச் சொல்லிக் குடிக்கலாம். சேரிப் பையன் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தால் ஓராண்டு வரை சிறை. நாளைக்கு இங்கேயும் மருத்துவக் கஞ்சாவுக்குக் கடை திறக்கலாமா என்ற பேச்சு வரும். அன்றைக்குப் பெரிய கம்பெனிகள் வரிசையில் முதலில் நிற்கும்.

நோயாளிக்கு மருந்து கிடைக்க வேண்டும். ஆகவே நான் ஒழுங்குமுறையின் பக்கம். ஆனால் வெறும் ஒழுங்குமுறை போதாது. பழைய வழக்குகளை அரசே தேடிப்பிடித்துத் தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ வேண்டும் என்று கலிபோர்னியா 2018இல் சட்டம் போட்டது. அது முதலில் வர வேண்டும். அடுத்து, உரிமத்தோடு முதலும் வர வேண்டும். பினாமியைப் பிடிக்கும் அதிகாரம் பாதிக்கப்பட்டவர்களின் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் தடையோ அனுமதியோ, இரண்டும் அவர்களுக்கே.

முகம் சுளித்த தோழருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவருடைய மறுப்பை எழுதிக் கேட்டிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். வெட்டாமல் போடுவோம்.