பேரரசர் கலமும் பெரியபட்டினத்து ஓடும்

2017ஆம் ஆண்டு ஹாங்காங் ஏலமொன்றில், பதின்மூன்று செண்டிமீட்டர் அகலமே உடைய தூரிகை கழுவும் கிண்ணம் ஒன்று 29 கோடி ஹாங்காங் வெள்ளிக்கு மேல் விலை போயிற்று. சோங் அரசவைக்கென வனையப்பெற்ற 'ரு' வகைக் கலம் அது. ஓவியமில்லை, பொன்வரியில்லை; நீலமும் பசுமையும் கலந்த ஒரே நிறம்தான் அதன் அணி. அதன் அழகை மறுப்பார் யார்? நம்மவருள் வசதி படைத்தார் சிலரையும் தொற்றிக்கொண்ட பீங்கான் பித்தையே மறுக்க வேண்டியுள்ளது.

கலத்தின் அடியில் ஆறு சீன எழுத்துகள் இருந்துவிட்டால் போதும், "அரண்மனைச் சரக்கு" என்று நெஞ்சை நிமிர்த்துகின்றனர். காங்சி பேரரசர் காலத்துக் குயவரே, இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செங்குவா பேரரசரின் பெயரைத் தம் கலங்களில் எழுதியுள்ளனர் என்பதை இவர்கள் அறிவாரா? அவர்கள் முன்னோரைப் போற்றி எழுதினர். பின்வந்த வணிகரோ ஏமாற்றுவதற்கு எழுதினர்.

ஓவியக் கலத்தில் ஒரு கறையைப் பூவிதழால் மறைத்துவிடலாம். ஒருநிறக் கலத்தில் மறைக்க இடமேது? செம்பினால் சிவப்பு நிறம் பெறச் சூளையில் காற்றைக் குறைத்து எரிக்க வேண்டும். சற்றே பிசகினாலும் நிறம் கெடும். ஜிங்டெஜென் அரசுச் சூளையில் குறையுற்றவற்றை உடைத்துப் புதைத்தனர். 1980களில் அவ்வுடைசல்களை அகழ்ந்தெடுத்து ஒட்டிப் பார்த்த பின்னரே மிங் காலக் கலங்களைப் பற்றிய பல ஐயங்கள் தெளிந்தன. முழுக்கலம் சொல்லாததை உடைசல் சொல்லிற்று.

சேகரிப்போர் இல்லையேல் இவை அழிந்திருக்கும் என்பர். ஓரளவு உண்மைதான். 1892இல் பம்பாயில் பிறந்த சர் பெர்சிவல் டேவிட் சீனமொழி கற்று, பழஞ்சீன நூலையே மொழிபெயர்த்தவர். தம் கலங்களை 1950இல் லண்டன் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எவரும் காண நிற்கின்றன. அவர் வாங்கியதைப் படித்தார். நம்மவர் வாங்கியதைப் பூட்டி வைக்கின்றனர்.

நம் வரலாற்றுக்குரிய சீனக் கலங்களோ ஏலத்திற்கு வருவதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில், ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழறிஞர்களும் 1980களில் ஆராய்ந்த ஓடுகளுள் லோங்சுவான் சூளைப் பச்சைக் கலத்து ஓடுகள் மிகுதி. அவையும் ஒருநிறமே. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தமிழகக் கரைக்கும் சீனத்திற்கும் இடையே நடந்த வணிகத்திற்கு அவை சான்று. இங்கே, பாசிர் கூடாங்கிற்கு அண்மையில், 1587இல் போர்த்துக்கீசியர் அழித்த ஜொகூர் லாமா கோட்டையிலும் சீன ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஓர் ஓடு எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதே அதன் வாய்மொழி. பெயர்த்தெடுத்து விற்றால் அது ஊமையாகிவிடும். அத்தகைய பொருளைக் கண்டெடுத்தோர் அறிவிக்க வேண்டும் என்று இந்நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கூறுகிறது. பெற்றோரிடம் இதைச் சொன்னால், "அப்படியா ஐயா?" என்று வியக்கின்றனர்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஜொகூர் லாமாவுக்கு அழைத்துச் செல்லப் பேருந்து வாடகை கேட்டபோது, கண்ணாடிப் பேழைக்குள் மஞ்சள் கிண்ணம் வைத்திருக்கும் செல்வர் ஒருவர், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார். அவர் கிண்ணத்தை விற்க வேண்டியதில்லை. அதைத் துடைக்க வரும் ஆளுக்கு அவர் தரும் ஒரு மாதக் கூலி போதும்.