விளக்கை வாங்குங்கள், உயிரை வாங்காதீர்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் ஒருவர் தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ விளக்கு வாங்கப் போனால், அவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி தொட்டி எத்தனை அடி என்பது. இரண்டாவது, எவ்வளவு செலவழிக்க உத்தேசம் என்பது. அந்த விளக்கின் கீழ் எந்த உயிர் வாழப்போகிறது என்ற கேள்வியை நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. குளியலறைக்கு மின்குமிழ் வாங்குவதுபோல முருகைக்கல்லுக்கு விளக்கு விற்கிறார்கள். வாங்குகிறவரும் அப்படியே வாங்கி வருகிறார்.

பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவன் மீன்தொட்டி விளக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஒரு தீவு தன் கடலை எப்படி நடத்துகிறது என்பதைச் சிறிய கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பார்க்கலாம்.

2003ஆம் ஆண்டில் 'நீமோ' திரைப்படம் வந்தபின், பிள்ளைகள் உள்ள வீடுகளில் கோமாளிமீனுக்கும் அது குடியிருக்கும் கடற்சாமந்திக்கும் மவுசு கூடியது. கடைகளில் தூய வெள்ளை நிறத்தில் கடற்சாமந்திகள் இருக்கும். அரிய வகை என்று கூடுதல் விலை சொல்வார்கள். அது வகையல்ல, நோய். தன் உடலுக்குள் வாழும் பாசியை இழந்து, பட்டினியின் விளிம்பில் நிற்கும் உயிருக்குத்தான் அந்த வெண்மை. சாகக்கிடப்பதை அழகென்று சொல்லி விற்பதைவிட மோசமான வியாபாரம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இதன் அடிப்படை எளிது. முருகைக்கல் கல்லுமல்ல, செடியுமல்ல. அது ஆயிரக்கணக்கான சிறு விலங்குகளின் கூட்டுக்குடித்தனம். அவற்றின் திசுவுக்குள் ஒற்றைக்கலப் பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை உணவு ஆக்கும், ஆக்கியதில் பெரும்பங்கைத் தங்கியிருக்கும் உடலுக்குக் கொடுக்கும். பல இனங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இவ்வழியாகவே கிடைக்கக்கூடும். ஆகவே தொட்டிக்கு மேலே தொங்குவது அலங்காரமல்ல. அது சோற்றுப்பானை.

பானையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்பதை விளக்குப் பெட்டியில் அச்சிட்ட எண்கள் சொல்லமாட்டா. வாற்று என்பது விளக்கு உறிஞ்சும் மின்சாரத்தின் அளவு, கொடுக்கும் வெளிச்சத்தின் அளவல்ல. லூமன் மனிதக் கண்ணுக்காக வகுத்த கணக்கு. நம் கண் பச்சையையும் மஞ்சளையும் நன்றாகப் பார்க்கும், நீலத்தைக் குறைவாகவே பார்க்கும். பாசிக்கோ நீலம் மிகவும் வேண்டியது. கெல்வின் நிறச்சாயலை மட்டுமே சொல்லும். 10,000 கெல்வினோ 20,000 கெல்வினோ, பாசியின் வயிற்றுக்குப் போவது எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

கேட்கவேண்டிய அளவு ஒன்றுதான். 400 முதல் 700 நானோமீற்றர் வரையான அலைநீளத்தில், ஒரு சதுர மீற்றர் பரப்பில், ஒரு செக்கனில் எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது? இதை 'பார்' என்பார்கள். உச்சிவெயிலில் கடல்மேற்பரப்பில் இது 2,000ஐ ஒட்டி நிற்கும். மென்முருகைகளுக்கும் காளான் வகைகளுக்கும் 50 முதல் 150 வரை போதும். கிளைவிட்டு வளரும் வன்முருகைகளுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். அதுவும் தொட்டியின் மேல்மட்டத்திலல்ல, உயிர் இருக்கும் இடத்தில். ஆழம் கூடக்கூட அளவு விழுந்துவிடும். இந்த அட்டவணையைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கும் கடையில் விளக்கு வாங்காதீர்கள்.

இன்னொரு மயக்கம் நீலம். கடைத்தொட்டிகளை மையில் தோய்த்தாற்போல் நீலமாக்கி, கடல் இப்படித்தான் என்கிறார்கள். ஆழத்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் சிவப்பு முதல் சில மீற்றர்களிலேயே நீரில் கரைந்துபோகிறது. ஆனால் ஹிக்கடுவையின் கரையோர முருகைகள் இடுப்பளவு, ஆளளவு நீரில் வெண்ணிற வெயிலில் வளர்ந்தவை. நீல ஒளி பாசிக்கு உணவுதான், அதை நான் மறுக்கவில்லை. முருகையின் ஒளிரும் புரதங்கள் அந்த ஒளியில் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் மினுங்கும் என்பதுதான் சூது. நலிந்துபோன முருகையும் மினுங்கும். துணிக்கடை விளக்கில் எல்லாச் சேலையும் பட்டாகத் தெரிவதைப்போல. வாங்குமுன் வெள்ளை விளக்கைப் போடச்சொல்லிப் பாருங்கள்.

குறைந்த ஒளியில் முருகை உடனே சாகாது. பழுப்பாகும், சுருங்கும், மாதக்கணக்கில் மெலியும். விற்றவரிடம் போய்க் கேட்டால் உங்கள் தண்ணீர் சரியில்லை என்பார். கொலைக்கும் சாவுக்கும் இடையில் நான்கு மாதம் இருந்தால் எந்த நீதிமன்றமும் தடுமாறும்.

மிகுதியான ஒளியோ விரைவாகக் கொல்லும். 1998இல் இந்துசமுத்திர நீர் சூடேறியபோது ஹிக்கடுவையிலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் ஆழங்குறைந்த முருகைகள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. வெப்பத்தோடு கடும் ஒளியும் சேரும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி நச்சுப்பொருள் உண்டாகிறது, முருகை பாசியைத் துப்பிவிடுகிறது. கடலுக்கு நேர்ந்த அதே கதியைக் கொழும்பில் ஒரு வரவேற்பறைக்குள் நிகழ்த்துவது மிகச்சுலபம். அறையே 30 பாகைக்கு மேல் இருக்கும் ஊர் இது. அதில் 250 வாற்று உலோக ஹேலைட் விளக்கைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டால் குளிரூட்டி இல்லாமல் சமாளிக்க முடியாது. ஐரோப்பியக் குளிருக்கு எழுதிய ஆலோசனையை அப்படியே படித்துவிட்டு இங்கே வாங்கினால் இதுதான் நடக்கும்.

மின்பட்டியலையும் பார்ப்போம். அந்த 250 வாற்று விளக்கு நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் மாதம் 60 அலகு. குளிரூட்டியின் செலவு தனி. 100 வாற்று எல்.ஈ.டி. என்றால் 24 அலகு, தண்ணீரும் அவ்வளவு சூடாகாது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியதை அனுபவித்த நாட்டில் இந்த வேறுபாடு அற்பமானதல்ல. நல்ல எல்.ஈ.டி.க்கு முதலில் விலை அதிகம், உண்மை. ஆனால் மலிவான விளக்கைக் கடற்கரையோர உப்புக்காற்று விரைவில் தின்றுவிடும். ஆணி துருப்பிடிக்கும், விசிறி அடைத்துக்கொள்ளும், கண்ணாடியில் உப்புப் படிந்து வெளிச்சம் குறையும். (வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது எந்த மேம்பட்ட கருவியையும்விடப் பயன்தரும்.)

2022 மின்வெட்டுக் காலத்தில் விளக்குக்கென்று இன்வேட்டர் வாங்கியவர்களும் இருந்தார்கள். முருகை ஓரிரு நாள் இருட்டைத் தாங்கும். நீரோட்டம் நின்று ஒட்சிசன் குறைந்தால் சில மணி நேரங்கூடத் தாங்காது போகலாம். மின்கலம் வேண்டியது நீரிறைக்கும் மோட்டாருக்கு.

இவ்வளவையும் சொன்னால் வரும் பதில் ஒன்றுதான்: "ஒரு துண்டுதானே, கடலில் இல்லாததா?" இந்த வாதத்தை இந்த நாடு ஏற்கெனவே கேட்டிருக்கிறது. சுண்ணாம்புக்காகத் தென்மேற்குக் கரையின் முருகைக்கற்களைச் சூளையில் போட்டவர்களும் இதையே சொன்னார்கள். 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த அகழ்வைத் தடைசெய்தபின்பும் அது உடனே நிற்கவில்லை. 2004 சுனாமி முருகை அகழப்பட்ட பெரேலியப் பகுதியில் எவ்வளவு உள்ளே புகுந்தது என்பதை நாம் பார்த்தோம். இன்று வன்முருகைகள் வனசீவராசிச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடலில் பிடுங்குவது குற்றம். தவறான விளக்கின் கீழ் மடிந்த ஒவ்வொரு துண்டுக்கும் பதில் எங்கிருந்தோ இன்னொரு துண்டு வருகிறது. எங்கிருந்து என்று கேட்காத வாடிக்கையாளர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

பொழுதுபோக்கையே தடைசெய் என்று நான் சொல்லவில்லை. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய ரொட்னி ஜொங்க்லாஸ் போன்றவர்கள் கடலுக்குள் இறங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டு மீன் வளர்த்தவர்கள். நம்மவர்கள் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

எந்த உயிர் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பத்திரமுள்ள, தொட்டியிலேயே வளர்த்த துண்டு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்குமானால் அதற்கேற்ற விளக்கை வாங்கி, பாதி ஒளியில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். 'பார்' மானி விலை அதிகம். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். கிடைக்காது என்றால், அல்லது அந்த விளக்குக்குக் கை எட்டாது என்றால், மீன் மட்டும் போதும். மீனுக்குச் சாதாரண குழல்விளக்கே தாராளம்.