கணக்கில் படிக்கும் மதிப்பெண் உண்டு

பிளஸ் டூ கணிதத்தில் மதிப்பெண் குறைந்தால், "திருத்தியவர் பாரபட்சம் காட்டிவிட்டார்" என்ற பேச்சு நம் வீடுகளில் எழுகிறது. திருத்துபவருக்கு மாணவரின் பெயர் தெரியாது. மதமோ ஊரோ பார்க்க வழியில்லை. விடைக்குறிப்பு ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண்ணைப் பிரித்துத் தருகிறது. இறுதி விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

ஆயினும் கூட்டலில் பிழை வரலாம். ஒரு பக்கம் விடுபடலாம். பொறியியல் கட்ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டுமே 100 என்பதால், ஒரு மதிப்பெண்ணும் பெரிதுதான். சந்தேகம் இருந்தால் உரிய நாளுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்போம். பாட ஆசிரியரிடம் காட்டி, மறுகூட்டலா மறுமதிப்பீடா என முடிவெடுப்போம்.

படிகளை விடாமல் எழுதவும் பிள்ளைகளைப் பழக்குவோம். எழுதாத படிக்கு எந்த நேர்மையாளராலும் மதிப்பெண் இட முடியாது.