பாக்கியைக் கேட்பது பாவமா?

கிறிஸ்தவ விசுவாசத்தையும் நீதியையும் சேர்த்துப் பேசும் இடங்களில் ஒரு நம்பிக்கை கேள்விமுறை இல்லாமல் உலவுகிறது. பிறருக்காக இரங்கி ஒருவர் உதவினால் அது விசுவாசத்தின் கனி. தனக்கு வர வேண்டியதை ஒருவர் கேட்டு நின்றால் அது அரசியல், சுயநலம், மன்னிக்கத் தெரியாத மனம். முதலில் உள்ளம் மாறட்டும், நோக்கம் சுத்தமாகட்டும், நீதி தானாக வரும் என்ற புத்திமதியும் கூடவே வரும். காதுக்கு இதமான இந்தப் பேச்சு, நடைமுறையில் ஒரு தரப்பாரின் நெஞ்சை மட்டுமே தோண்டிப் பார்க்கிறது. பறித்தவரிடம் நோக்கம் கேட்பாரில்லை, பறிகொடுத்தவரிடம்தான் கேட்கிறார்கள். திண்டிவனத்தில் ஒன்று, எறையூரில் ஒன்று என இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்தால் இதன் கோணல் தெரியும்.

திண்டிவனத்துக் கதை பலருக்குத் தெரிந்தது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தவர், தாய்க்கு உடல்நலமில்லை என்று திண்டிவனத்து பங்களாவுக்கு வந்தார். மிஷனரி ஆகும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஓர் இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் வந்து பார்ப்பதை ஏற்காமல் மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா 1899-இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன.

இரக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று இதை மேடைதோறும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் கதைக்குள் அந்த மூன்று பெண்களும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. புருஷன் கதவைத் தட்டுகிறான், துரைசாணி கேட்கிறாள், கடவுள் அழைக்கிறார். செத்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை. வாய் திறக்காதவர்மேல் இரங்குவது எளிது. ஐடா அந்த எளிமையோடு நிற்கவில்லை என்பதுதான் கதையில் கவனிக்க வேண்டியது. இரக்கம் மட்டும் போதும் என்றால் திண்டிவனத்துக்கு ஒரு பெண் டாக்டர் போதும். அவரோ இந்நாட்டுப் பெண்களையே டாக்டராக்கப் பள்ளி திறந்தார். தான் இரங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும்படி செய்தார்.

இரண்டாவது நிகழ்வில் பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்தார்கள். எறையூர், அன்றைய விழுப்புரம் மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருந்த கிராமம். 2019-க்குப் பின் கள்ளக்குறிச்சி மாவட்டம். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பழைய பங்குகளில் ஒன்று. வன்னியக் கத்தோலிக்கர் பெரும்பான்மை, தலித் கத்தோலிக்கர் சிறுபான்மை. ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. சாவு விழுந்தால் மட்டும் ஊர் இரண்டு. தலித் வீட்டுச் சவம் பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குப் போகக் கூடாது. சவ வண்டி வேறு, கல்லறை வேறு. ஆயுள் முழுக்க ஒரே பீடத்தில் அப்பம் வாங்கியவர் கடைசிப் பயணத்தில் சுற்றுவழியில் போக வேண்டும். இந்தக் குறைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்த தலித் மக்கள், தாங்களே சகாய மாதாவுக்கு ஒரு கோயில் கட்டி அதைத் தனிப்பங்காக அறிவிக்கக் கோரினார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. தலித் வீடுகள் சூறையாடப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். பெரிய கோயில் செபமாலை மாதாவுக்கு, சின்னக் கோயில் சகாய மாதாவுக்கு. இரண்டும் ஒரே தாய்க்குத்தான்.

தனிப்பங்கு என்றதும் எழுந்த கண்டனத்தை உற்றுக் கவனிக்க வேண்டும். பிரிவினை, பின்னாலிருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள், ஒரே திருச்சபையை உடைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டவரின் நோக்கம் அலசப்பட்டது. பெரிய தெருவை மறித்தவரின் நோக்கம் என்ன என்று அதே ஊக்கத்தோடு யாரும் அலசவில்லை. சாதிக்கு வழக்கம் என்ற பெயர் இருக்கிறது. வழக்கத்துக்கு நோக்கம் தேவைப்படுவதில்லை.

கேட்பவரையே குறை சொல்லும் இந்தப் பார்வையில் கூலி எப்படிப் பிச்சையாகத் தோற்றம் மாறுகிறது என்பதை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் பார்க்கலாம். ஆரோக்கியம் தலித் காலனிக்குத் துணி வெளுப்பவள், கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவள். உழைப்புக்குச் சேர வேண்டிய சோற்றை அவள் வீடு வீடாகப் போய்க் குரல் கொடுத்து வாங்க வேண்டும். களத்தில் நெல்லுக்குக் காத்து நிற்க வேண்டும். கொடுப்பவர் தருமம் செய்வதாக நினைக்கிறார். உண்மையில் அவர் பாக்கி தீர்க்கிறார். நீதியை அன்பின் கொடை என்று சொல்லும் போதனையும் இதே களத்துமேட்டுக் கணக்குதான்: கொடுத்தால் புண்ணியம், கேட்டால் பேராசை.

நோக்கத்தைத் துருவும் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் திரள்திரளாக ஞானஸ்நானம் கேட்டு வந்தபோது, சோற்றுக்காக வருகிறார்களோ என்று மிஷனரிகள் தயங்கினார்கள். ஓங்கோலில் பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பஞ்ச நிவாரணம் நடந்த காலத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்தியே வைத்தார். நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோறு நின்ற பின்பும் கூட்டம் கலையவில்லை. பிறகு வாஸ்கம் பிக்கெட் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டு, 1933-இல் ஆய்வாக வெளியிட்டார். மரியாதைக்காகவும் பாதுகாப்புக்காகவும் வந்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வழிபாட்டிலும் வாழ்க்கையிலும் நல்ல கிறிஸ்தவர்களாகவே தேறியிருந்தார்கள். மரியாதை வேண்டும் என்பது ஆன்மிகமல்லாத ஆசை என்று முடிவு கட்டியவர்கள், மரியாதை குறைவின்றிக் கிடைத்தவர்கள்.

மேலிருந்து இரங்கியதால் அல்ல, கீழிருந்து கேட்டதால் திருச்சபை திருந்திய சான்றும் உண்டு. 1704-இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தெ தூர்னோன், பறையர் வீட்டு நோயாளிகளை மிஷனரிகள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டார். அது பெரும்பாலும் காகிதத்தில் நின்றது. 1745-இல் அதே ஊரின் சம்பா கோயிலில் சாதிக் கிறிஸ்தவரையும் தலித் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவர், தலித்துகள் பாதிரியாரிடம் போய் முறையிட்ட பிறகே இடிந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. அவர்களின் நோக்கம் தங்களுக்கு மரியாதை வேண்டும் என்பதுதான். அதனால் அந்த நியாயம் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை.

முதலில் நோக்கம் சுத்தமாகட்டும் என்ற நம்பிக்கைக்கு வேதாகமமும் துணை நிற்காது. லூக்காவின் உவமையில் நடுவரை விடாமல் நச்சரிக்கும் விதவை கேட்பது தன் சொந்த வழக்கின் நியாயத்தை. ஊருக்காக அவள் போராடவில்லை. யாரையும் மன்னித்துவிட்டும் வரவில்லை. இயேசு அவளைத்தான் செபத்துக்கு மாதிரியாகக் காட்டுகிறார். மலைப்பிரசங்கத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று பீடத்தருகே நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்ற கருத்து வருகிறது. எழுந்து போக வேண்டியவர் மனத்தாங்கலுக்குக் காரணமானவர். பிரசங்கங்களில் இது தலைகீழாகி, மனத்தாங்கல் உள்ளவரை மன்னித்துவிட்டு வரச் சொல்கிறது. சகேயு வீட்டில் மீட்பு வந்ததும் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கும் வாக்கோடுதான் வந்தது.

நோக்கம் பொருட்டே இல்லை என்பதல்ல வாதம். பழிவாங்கும் வெறி கேட்பவரையே தின்றுவிடும். எறையூரில் விழுந்த இரண்டு பிணங்களும் யாருக்கோ பிள்ளைகள். பெயருக்காகத் தொண்டு செய்பவரின் உள்ளத்தை அவருடைய மனச்சாட்சி விசாரிக்கட்டும். ஆனால் அந்த விசாரணை, செலுத்த வேண்டியதைச் செலுத்திய பிறகு நடக்க வேண்டியது. கேட்பவர் கோபக்காரர் என்பதால் கடன் தள்ளுபடி ஆவதில்லை.

அரசும் இதே தராசைத்தான் பிடித்திருக்கிறது. 1950-இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் அதைத் திறக்கக் கோரித் தீர்மானம் போட்டது. சலுகைக்காகத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதே எதிர்ப்பின் சாரம். மீண்டும் நோக்கம். தீண்டாமை மதம் மாறியதும் நின்றதா என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

அந்தக் கேள்விக்குத் திருச்சபையே பதில் சொல்லியிருக்கிறது. 2003 நவம்பரில் ரோமுக்கு வந்த தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். ஐந்து ஆண்டுக்குள் எறையூர் எரிந்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையில், தீண்டாமை திருச்சபைக்குள்ளும் நடைமுறையில் இருப்பதை ஒப்புக்கொண்டது. கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டாயிற்று. இனி நோக்கத்தைப் பற்றிய விசாரணை எறையூர் தலித் தெருவில் நடக்க வேண்டியதில்லை. பெரிய தெருவில் நடக்கட்டும்.