மாயாற்றுத் திமில் மகசீர் மீனினத்தை ஆய்ந்து காத்திடக் கோரும் மனு

பெறுநர்: மீன்வளத்துறை, வனத்துறை, மின்வாரியம் ஆகியவற்றின் உயர் அலுவலர்கள்
அனுப்புநர்: பவானிசாகர் பகுதி உள்நாட்டு மீனவர் சங்கத்தினர்



காவிரி வடிநிலத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாததும், முதுகு திமில்போல் உயர்ந்து ஐம்பது கிலோவுக்கும் மேல் வளரக்கூடியதுமான மகசீர் கெண்டை, ஆங்கிலேயர் காலந்தொட்டுத் தூண்டில்காரர்களிடையே புகழ்பெற்றிருந்தும், 2018 வரை அதன் அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. 2007இல் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட ‘டார் ரெமாதேவி’ (Tor remadevii) என்னும் இனமே அது என்று 2018இல்தான் நிறுவப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் அதனை மிக அருகிய இனமாக, அதாவது இயற்கையில் அற்றுப்போகும் பேரபாயத்தில் உள்ளதாக, வகைப்படுத்தியது.

பெயர் உறுதியாவதற்கு முற்பட்ட காலத்தில் நன்னோக்கத்தோடு செய்யப்பட்டதே தீங்காயிற்று. கிருஷ்ணா வடிநிலத்துக்குரிய நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. கர்நாடகத்தின் காளிபோர் பகுதியில் 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவுகளை ஆராய்ந்தபோது, வந்தேறிய இனம் பெருகியதும் திமில் மகசீர் அரிதானதும் தெரியவந்தன. எனவே, மரபணுச் சோதனையால் இனம் உறுதிசெய்யப்படாத எந்த மகசீர் குஞ்சையும் மாயாற்றிலோ பவானிசாகரிலோ விடலாகாது என்பது சங்கத்தின் முதன்மைக் கோரிக்கையாகும்.

இவ்வினம் எஞ்சியுள்ள மிகச் சில நீரோட்டங்களுள் மாயாறும் ஒன்று. மகசீர் பருவமழை வெள்ளத்தில் எதிரேறிச் சென்று, கூழாங்கல் படுகையில் முட்டையிடும் இயல்புடையது; மின்தேவைக்கேற்ப ஆற்றின் மேற்பகுதியில் மின்வாரியம் நீரைத் திறந்தும் நிறுத்தியும் வருகையில் அப்படுகை ஒரு பொழுது அரிக்கப்பட்டும் மறு பொழுது வெயிலில் காய்ந்தும் போகக்கூடும். ஆற்றங்கரை ஊரான தெங்குமரஹடாவில் பரிசல் ஓட்டுவோருக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதன்று; எனினும் அது முட்டைக்கும் குஞ்சுக்கும் எவ்வளவு சேதம் விளைக்கிறது என்பதை அளந்தறியாமல் நீர்திறப்பு அட்டவணையை மாற்றுமாறு கோருவது முறையாகாது. ஆதலால் முட்டையிடும் இடங்களைக் குறித்து, நீர்மட்டத்தை மணிக்கு மணி பதிந்து, மீன் உதிர்க்கும் செல்களின் தடயத்தை ஆற்றுநீரிலிருந்தே கண்டறியும் ‘சூழல் டிஎன்ஏ’ முறையையும் கையாண்டு முழுமையான ஆய்வொன்று நடத்தப்பட வேண்டும். மீனைப் பிடிக்காமலேயே அதன் இருப்பை அறியலாம் என்பதால், மாயாறு ஓடும் புலிகள் காப்பகப் பகுதியில் இம்முறை பொருத்தமானது. மடுக்களை நன்கறிந்த உள்ளூர் மீனவரைக் கூலியாட்களாக மட்டுமன்றிக் கள உதவியாளராகவும் இவ்வாய்வில் அமர்த்துதல் வேண்டும்.

ஆய்வோடு காவலும் வேண்டும்: தோட்டா வீசியும் நஞ்சு கலந்தும் மீன்பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுப்பதால், அதற்குப் புதிய ஆணை தேவையில்லை, ரோந்துதான் தேவை.

வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே ஆய்வு தொடங்கும் வகையில், மூன்று துறையினரும் சங்கப் பிரதிநிதிகளும் கூடும் கூட்டத்துக்கு நாள் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கோரப்படுகிறது.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்