காதுக்குப் பரிசு குடுத்தாச்சு, மடிக்கு எப்போ?

ஆட்டுப் போட்டின்னு வெச்சா நம்ம பக்கம் என்ன பார்க்குறாங்க? காது எத்தனை இஞ்சு, கிடா எத்தனை கிலோ, மூக்கு எவ்வளவு வளைஞ்சிருக்கு. அவ்வளவுதான். பால் ஆடுன்னு பேரு மட்டும் சொல்லிட்டு, குனிஞ்சு மடியைக்கூடப் பார்க்காம மாலை போட்டு அனுப்பிடறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

என்கிட்ட இருக்கிறது பதினொரு உருப்படி. தலைச்சேரியும், ஜமுனாபாரி கலப்பும். செங்கல்பட்டுல விடிகாலை ரயில் ஏறி மாம்பலத்துல இறங்கி, அங்கிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறுன்னு சில வீடுகளுக்குப் பால் குடுத்துட்டு வரேன். வாங்குறவங்க பெரும்பாலும் வயசானவங்க. கைக்குழந்தைக்குன்னு கேட்டா மட்டும் குடுக்க மாட்டேன், டாக்டரைக் கேளுங்கன்னு சொல்லிடுவேன். ஒரு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலா ஆட்டுப்பால் ஆகாது.

போட்டில காதுக்குப் பரிசு குடுத்தா யாருக்கு என்ன நஷ்டம்னு கேப்பீங்க. எங்க பக்கத்து ஊர்ல ஒரு அக்கா, குழுவுல கடன் எடுத்து 30,000 ரூபாய்க்கு ஒரு பெட்டை ஆடு வாங்கினாங்க. விக்கிறவர் காட்டினது தாய் ஆடு பரிசு வாங்கின போட்டோ. காது நல்லா முழம் நீளத்துக்குத் தொங்குது, ஆளே மயங்கிப் போவான். குட்டி போட்ட பிறகு பார்த்தா ஒரு காம்புல பால் வரல, இன்னொண்ணுல வந்தது குட்டிக்கே பத்தல. காதைக் கறக்க முடியுமா? வட்டி மட்டும் மாசாமாசம் கறந்துகிட்டு இருக்கு. மேடையில எதுக்குப் பரிசு குடுக்கிறோமோ, சந்தைல அதுக்குத்தான் விலை ஏறும்.

நம்ம கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு எல்லாம் கறிக்கான இனம். அதை எடை போட்டுப் பார்க்கிறது நியாயம். ஆனா ஜமுனாபாரி, பீட்டல், தலைச்சேரின்னா கதை வேற. அமெரிக்காவுல பால் ஆட்டுச் சங்கம் போட்டிக்கு ஒரு மதிப்பெண் அட்டை வெச்சிருக்கு. கறவை ஆட்டுக்கு 100 மார்க்குல 35 மடிக்கு மட்டும். இன்னொரு 35 கால், முதுகு, நடை எல்லாம் சேர்ந்த பொதுத்தோற்றத்துக்கு. 20 பால் ஆட்டுக்கான உடல்வாகுக்கு, 10 வயிறு, நெஞ்சு கொள்ளளவுக்கு. காது நீளமா இருக்குன்னு தனியா அள்ளிக் குடுக்கிற வழக்கமே இல்ல. பஞ்சாப், ஹரியானால எருமைக்கும் மாட்டுக்கும் கறவைப் போட்டி வெச்சு, எல்லார் முன்னாடியும் கறந்து எடை போடுறாங்க. ஆட்டுக்கும் அதைச் செய்ய என்ன தடை?

சரி, போட்டிக்கு ஆட்டைத் தயார் பண்றதுன்னா என்னன்னு நான் நினைக்கிறதைச் சொல்றேன். ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டிருக்கணும். கடைசி வாரத்துல போட்டா பிரயோஜனம் இல்ல, எதிர்ப்பு சக்தி வர நாள் ஆகும். குளம்பைப் பத்து நாள் முன்னாடி சீவிடணும். மழைக்காலம் முடிஞ்சா குளம்பு ஓரம் செருப்பு மாதிரி மடங்கி வளர்ந்திருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். உள்ள ரோஸ் நிறம் தெரிஞ்சா நிறுத்திடுங்க, அதுக்கு மேல போனா ரத்தம். முந்தின நாள் சீவினா கண்டிப்பா நொண்டும், நடைக்கு மார்க் போயிடும்.

அப்புறம் நடக்கப் பழக்கணும். இதைத்தான் யாரும் செய்யறதில்ல. கழுத்துல பட்டை போட்டு தினமும் பத்து நிமிஷம் கூடவே நடத்திப் பாருங்க, பதினஞ்சு நாள்ல பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரும். தலையைத் தூக்கி, நாலு காலும் சதுரமா, பின்னங்கால் கொஞ்சம் அகட்டி நிக்கணும். அப்பதான் மடி எப்படி ஒட்டியிருக்குன்னு பின்னாடி இருந்து தெரியும். அந்நியர் கை மடியில பட்டா உதைக்காம இருக்கவும் பழக்கணும், அதுக்கு வீட்டுல ஆள் மாத்தி மாத்தித் தடவிக் குடுத்தாலே போதும். மடியிலயும் வயித்திலயும் இருக்கிற முடியை ஒரு வாரம் முன்னாடி வெட்டிட்டா பால் நரம்பு பளிச்சுனு தெரியும். குளிப்பாட்டுறது ரெண்டு நாள் முன்னாடி, நல்ல வெயில்ல. தீனியை மட்டும் மாத்தவே கூடாது. போட்டி நடக்கிற ஊர்லயும் நம்ம அகத்தித்தழை, வேலிமசாலைக் கட்டா கொண்டு போயிடணும். திரும்பி வந்ததும் மூணு வாரம் தனிக் கொட்டகை. நாலு ஊரு ஆட்டோட மூக்கு உரசிட்டு வந்திருக்கு இல்லையா?

இதெல்லாம் தயாரிப்பு. ஆனா நடக்கிறது வேற. நரைச்ச மூஞ்சிக்குத் தலைச்சாயம் பூசுறது, எடை காட்ட உப்புத்தண்ணி குடிக்க விடறது. எல்லாத்துலயும் கொடுமை, மடி பெருசா தெரியணும்னு ராத்திரிப் பாலும் காலைப் பாலும் கறக்காம வெச்சிருக்கிறது. மடி கல்லு மாதிரி ஆகி, ஆடு காலை அகட்டி அகட்டி நிக்கும். அந்த வலில நிக்கிற ஆட்டைப் பார்த்து "ஆகா என்ன மடி"ன்னு கை தட்டுறோம். மடிவீக்க நோய் வந்து ஒரு காம்பு போச்சுன்னா அந்த ஆட்டோட பொழப்பே பாதியாயிடும்.

இதுக்கு மருந்து ஒண்ணுதான். முந்தின நாள் சாயங்காலம் குறிச்ச நேரத்துல எல்லா ஆட்டையும் நடுவர் முன்னாடி ஒட்டக் கறந்துடணும். அங்கிருந்து 24 மணி நேரத்துல காலையும் மாலையும் கறக்கிறதை எடை போட்டா போதும். எந்தச் சாயமும் தராசுல நிக்காது.

இப்படி ஒரு போட்டியைச் சென்னைக்குள்ளயே நடத்தணும்னு சொல்றேன். சிரிக்காதீங்க. ஆட்டுப்பால் காசு குடுத்து வாங்குறவங்க அங்கதான் இருக்காங்க. கோயமுத்தூர்ல இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்துக்கு விதை போட்டதே சைதாப்பேட்டைதான், 1868-ல அங்க ஆரம்பிச்ச விவசாயப் பள்ளிதான் பிற்பாடு கோவைக்குப் போச்சு. 1946 ஜனவரில இந்தி பிரச்சார சபா வெள்ளிவிழாவுக்கு வந்து தி.நகர்ல தங்கின காந்தி, 1919-லேர்ந்தே ஆட்டுப்பால்காரர். 1931-ல வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனவர், இஸ்லிங்டன் பால் பண்ணைக் கண்காட்சிக்குப் போய் ஆடுகளைப் பார்த்துட்டு வந்தார். அந்த நாட்டுக்காரங்க நம்ம ஜமுனாபாரியைக் கப்பல்ல கொண்டு போய், ஆங்கிலோ நூபியன்னு ஒரு பால் இனத்துலயே அந்த ரத்தத்தைச் சேர்த்துட்டாங்க. நாம இன்னும் காதை அளந்துகிட்டு இருக்கோம்.

சென்னைல நாய்க்கண்காட்சிக்குக் குடும்பத்தோட போறாங்க. புத்தகக் கண்காட்சி நடக்கிற நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்துல ஒரு மூலை குடுத்தாலும் போதும், முப்பது ஆடு நிறுத்தலாம். மயிலாப்பூர் மாமி வந்து தன் வீட்டுக்கு வர்ற பால் எந்த மடியில இருந்து வருதுன்னு பார்க்கட்டும். நல்லாக் கறக்கிற ஆட்டோட குட்டிக்கு அங்கேயே விலை பேசலாம். கால்நடை மருத்துவர் ரெண்டு பேர், ஒரு நல்ல தராசு, குடிக்கத் தண்ணி, நிழலுக்குப் பந்தல். செலவு அவ்வளவுதான்.

மாசம் மட்டும் யோசிச்சு வைக்கணும். ஆவணில கிடா சேர்த்தா தைல குட்டி, மாசில பால் உச்சத்துல இருக்கும். அப்ப வெயிலும் ரொம்ப ஏறியிருக்காது.