உரிமச் சீட்டும் அதிகாரியின் உள்ளமும்

தோழரே! கைத்துப்பாக்கி தாங்கிச் செல்ல உரிமம். காலம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்கப் படிவம், கட்டணம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இது நடைமுறை. கேட்கட்டும்! கொல்லும் கருவி ஏந்துபவனைக் கேளாமல் வேறு யாரைக் கேட்பது? ஆனால், கையெழுத்திடுபவர் எதைப் பார்த்து இடுகிறார்?

1956 சனவரி 30. அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின்மீது வெடிகுண்டு வீசினர். உள்ளே துணைவியார், கைக்குழந்தை! அவ்வாண்டே அவர் உரிமம் கேட்டார், மறுத்தனர். 'தகுதியுடையவர்' யாரென்று முடிவு செய்வதை அதிகாரியின் உள்ளத்துக்கே விட்டிருந்தது சட்டம். வீடு வெடித்தும் தகுதி வரவில்லையாம்! பின்னர் ஆயுதமே வேண்டாமென அவர் துறந்தது அவர் பெருமை. மறுத்தவர் பெருமை அன்று.

நியூயார்க்கிலோ, உரிமம் பெறத் 'தக்க காரணம்' காட்டவேண்டுமென்ற நிபந்தனையை 2022-இல் உச்சநீதிமன்றம் வீழ்த்தியது. அவ்வாண்டே மாநிலம் புதுச் சட்டம் இயற்றிற்று: புதிதாகக் கேட்பவருக்கு 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி, பெற்றவருக்கு மூன்றாண்டுக்கொருமுறை மறுஉறுதி. கடுமைதான், எனினும் வெள்ளையருக்கும் கருப்பருக்கும் அதே 16 மணி. அதை வரவேற்கிறேன். 'நன்னடத்தை' என்றொரு சொல் மட்டும் அச்சட்டத்தில் இன்னமும் இருக்கிறது. அதை அளப்பவர் அதிகாரியே. அந்தச் சொல்லின்மீது கண் வையுங்கள், தோழரே!